ஆவணி ஒன்பது

நடக்கச் சொன்னார்கள் என்று மாரிக்கனி நடந்துகொண்டிருந்தாள். மதுரையில் அந்த ஸ்கேன் சென்டரின் முதல் மாடி முழுக்க ஒரே நீள வராந்தா. இந்தக் கோடியில் ரிசப்ஷன், அந்தக் கோடியில் கழிப்பறை, நடுவே சுவரோரம் போட்ட நாற்காலிகளில் வயிறும் ஃபைலுமாகப் பெண்கள், அவர்களுக்குத் துணையாக வந்து அவர்களைவிட அதிகமாகக் களைத்துப்போன ஆண்கள். அவள் கையில் மாம்பழ ஜூஸ் பாக்கெட். கடித்துக் கடித்து ஸ்ட்ராவின் நுனி நசுங்கிவிட்டது. "பாப்பா முதுகைக் காட்டிப் படுத்திருக்குக்கா, முகமே தெரியல. இனிப்பா எதையாச்சும் குடிச்சிட்டு அரை மணி நேரம் நடங்க, திரும்பிரும். அப்புறம் பெரிய டாக்டர் வந்து பாப்பாங்க" என்று சின்ன டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தாள். அந்தப் பெண் அதோடு விட்டிருக்கலாம். வயிற்றில் தடவிய ஜெல்லைத் துடைக்கக் காகிதத்தை நீட்டிக்கொண்டே, திரையைப் பார்த்து, "இருபது வாரத்துக்கு ரெண்டு வாரம் சின்னதா இருக்கே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறவர்கள் வாய்க்குள் சொல்லிக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே வந்த ரத்த ரிசல்ட் போதாதா? இரண்டு வாரம் முன்னால் சாத்தூரில் ரத்தம் எடுத்து எங்கோ பெரிய ஊருக்கு அனுப்பினார்கள், அது ஒரு வாரம் கழித்துச் சிவப்பு எழுத்தில் திரும்பி வந்தது. பிள்ளைக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்க வாய்ப்பு நாற்பத்தெட்டில் ஒன்று. அந்தப் பெயரைக் கேட்டதும் மாமியார், "டவுன்ல இருக்கிற பிள்ளைகளுக்குல்ல அது வரும், நம்ம சாத்தூர்ல எப்படி?" என்றாள், சிரிக்க வேண்டிய பேச்சு, யாரும் சிரிக்கவில்லை. ஸ்கேனில் முகத்தையும் கழுத்தையும் பார்த்துவிட்டு, வயிற்றில் ஊசி இறக்கி, பிள்ளை மிதக்கிற தண்ணீரில் கொஞ்சம் எடுத்துப் பரிசோதிப்பார்களாம். அது உறுதியாகச் சொல்லிவிடுமாம். உறுதியானால் என்ன செய்வது என்பதைக் காலையில் பஸ் விருதுநகரைத் தாண்டும்போது கணவன் கதிரேசன் கேட்டுவிட்டான். "அப்படித்தான்னு வந்துச்சுன்னா வேண்டாம்னு முடிவு பண்ணிருவோம் மாரி. இருபத்து நாலு வாரத்துக்குள்ளன்னா சட்டப்படியே பண்ணலாமாம். சரியா?" அவள் ஜன்னலுக்கு வெளியே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு "சரி" என்றாள்.

நாற்பத்தெட்டில் ஒன்று. ரிசப்ஷனிலிருந்து கழிப்பறை வரை எத்தனை எட்டு வைக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தாள், முப்பத்தொன்பது. திரும்பி வரும்போது நாற்பத்திரண்டு. நாற்பத்தெட்டு வந்துவிடுமோ என்று பயந்து எண்ணுவதை விட்டாள். நாற்பத்தெட்டு என்றால் ஒரு மண்டலம். கோயிலுக்கு விரதம் இருக்கிறவர்கள் அத்தனை நாள் செருப்பில்லாமல் நடக்கிறார்கள், நடுவில் ஒரு நாள் முள் குத்தும் என்று முன்கூட்டியே சொன்னால் விரதமே வேண்டாம் என்பார்களா? காலையில் வந்த பஸ்ஸிலும் உட்கார்ந்திருந்தவர்கள் ஏறக்குறைய அவ்வளவு பேர்தான். இதில் அந்த ஒருவர் யார் என்று அவள் ஒவ்வொரு தலையாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். சோளக்கதிர் தின்ற கிழவரா, தூங்கி விழுந்த காலேஜ் பையனா, எல்லாரும் யாரோ ஒருத்தி பெற்று வளர்த்து அனுப்பியவர்கள்தானே. ரிசப்ஷனுக்கு மேலே சட்டப்படி மாட்டியிருந்த பலகையில், கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று கேட்பதும் சொல்வதும் குற்றம் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. ஆணா பெண்ணா என்று கேட்டால்தான் குற்றம், இருக்கலாமா கூடாதா என்று கேட்டால் குற்றமில்லை போலிருக்கிறது என்று நினைத்தாள். நினைத்ததும் தன்மேலேயே கோபம் வந்தது, கேட்கிறவர்களில் அவளும்தானே ஒருத்தி. காலையில் சின்ன டாக்டர் ஒரு தாளில் கேட்டுக் கேட்டு எழுதினாள். வயது முப்பது. சர்க்கரை இல்லை. சொந்தத்தில் கல்யாணமா, இல்லை, அசல். குடும்பத்தில் யாருக்காவது இந்தப் பிரச்சினை இருந்திருக்கா? "இல்ல" என்றான் கதிரேசன். அவன் சொன்னது பொய்யில்லை, அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மாரிக்கனியும் தலையை ஆட்டினாள். அது பொய். அவள் அண்ணன் வைரவன் பிறந்ததிலிருந்து சாகும்வரை அதே பிரச்சினையோடுதான் இருந்தான். ஆனால் வீட்டில் யாரும் அதைப் பிரச்சினை என்று சொல்லி அவள் கேட்டதில்லை, அவனை வைரம் என்றுதான் சொன்னார்கள்.

வைரண்ணனுக்கு உள்ளங்கையில் ஒரே ஒரு ரேகை. மற்றவர்களுக்கு இரண்டு மூன்றாக ஓடுவது அவனுக்குக் குறுக்கே ஒரே கோடாக ஓடும். தெருவில் கைரேகை பார்க்க வந்தவன் அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டுப் போய்விட்டான். குட்டையான விரல்கள், எப்போதும் சூடாக இருக்கும், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அந்தக் கையைப் பிடித்துக் கன்னத்தில் வைத்துக்கொள்ள அவளுக்குப் பிடிக்கும். அவளைவிட நாலு வயது பெரியவன். ஆனால் அவள் ஐந்தாம் வகுப்புக்குப் போனபோது இரண்டு பேரும் ஒரே வயதாகிவிட்டார்கள், அதற்கப்புறம் அவள் மட்டும் பெரியவளாகிக்கொண்டே போனாள். மாரி என்று அவனுக்கு வராது, மாயி என்பான். சிவகாசியில் அவர்கள் அப்பாவுக்குக் காலண்டர் பிரஸ்ஸில் பைண்டிங் வேலை, தினசரித் தாள்களை அடுக்கி மேலே தகரப்பட்டை அடிக்கிற பிரிவு, அதனால் வீட்டில் ஓட்டுக்கு ஓர் ஓட்டை இருந்தாலும் காலண்டருக்குப் பஞ்சமில்லை. அச்சுப் பிசகியது, சாமி படம் மங்கியது, ஓரம் கோணலாக வெட்டுப்பட்டது எல்லாம் வீட்டுக்கு வரும், அறைக்கு ஒன்று தொங்கும். காலையில் எழுந்து அத்தனையிலும் தாள் கிழிப்பது வைரண்ணன் வேலை. அவன் கிழித்து முடிக்கும் வரை வீட்டில் யாரும் காபியில் வாய் வைக்கக் கூடாது, அப்பா உட்பட. கிழித்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு புதுத் தாளுக்கு முன்னால் நின்று விரலை ஓட்டி வாசிப்பான். இங்கிலீஷ் தேதி பெரிதாகச் சிவப்பிலும் கறுப்பிலும் போட்டிருக்கும், அதைச் சட்டை பண்ணமாட்டான், அது சும்மா நம்பர்தானே. தமிழ்த் தேதிக்குத்தான் பெயர் இருந்தது. "ஐப்பசி... ஏழு" என்று மூச்சு வாங்கிச் சொல்லுவான், சொன்னதும் அம்மா அடுப்படியிலிருந்து "சரி சாமி" என்பாள், அதற்குப் பிறகுதான் அந்த வீட்டில் பொழுது விடியும். அதனால் அந்த வீட்டில் எல்லாமே தமிழ்த் தேதிதான். கரண்ட் கட்டப் போகிற நாள் தமிழ்த் தேதி, பரீட்சை தமிழ்த் தேதி, அம்மாவுக்குப் பல் பிடுங்கியது தமிழ்த் தேதி. மூன்றாம் வகுப்பில் மாரிக்கனி கணக்கு நோட்டில் 'கார்த்திகை 12' என்று தலைப்பில் போட்டு, டீச்சர் "நீ என்ன ஜோசியக்காரன் மகளா?" என்று கேட்டு வகுப்பே சிரித்தது. வீட்டுக்கு வந்து அழுதபோது அவளுக்கு என்ன நடந்தது என்று புரியாமலே வைரண்ணனும் கூட உட்கார்ந்து அழுதான்.

தீபாவளி வந்துவிட்டால் போதும். ஊருக்கே சோறு போடுவது சத்தம், அவனுக்கோ சத்தம் ஆகாது. முதல் வெடி எங்கோ வெடித்ததும் கட்டிலுக்கடியில் போய்விடுவான். அவள்தான் பின்னாலேயே ஊர்ந்து போய், போர்வையை இழுத்துப் போட்டு, அவன் காது இரண்டையும் தன் கையால் பொத்திக்கொண்டு படுத்திருக்க வேண்டும். மற்ற பிள்ளைகள் தெருவில் ஆடிக்கொண்டிருக்கும், புதுப் பாவாடை கசங்கும், கந்தக வாசனை ஜன்னல் வழியாக வரும், வைரண்ணன் மூச்சு அவள் கழுத்தில் படும், காலையில் தின்ற அதிரச வாசனையோடு. எத்தனை தீபாவளி இவனால் போச்சு என்று அவள் அப்போது கறுவிக்கொண்டு படுத்திருந்தாள். இப்போது சாத்தூரில் மாமனார் வீட்டு மாடியில் கையில் கம்பி மத்தாப்போடு நிற்கும்போது அவளுக்குக் கட்டிலுக்கடியில் இருந்த அந்த இருட்டுதான் வேண்டும் போலிருக்கிறது, அந்தச் சூடான காதுகள் வேண்டும் போலிருக்கிறது, இதை யாரிடம் சொல்வது. கல்யாணமாகி நாலு வருசமாகிறது. கதிரேசனிடம் சொல்லியிருக்கலாம், அவன் கேட்காதவன் இல்லை. ஆனால் அவனிடம் சொல்லியிருப்பது, ஓர் அண்ணன் இருந்தான், நெஞ்சில் ஓட்டை, அதில் போய்ச் சேர்ந்தான் என்பது மட்டும். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை, வைரண்ணனுக்கு நெஞ்சில் ஓட்டையும் இருந்தது, அதில்தான் இருபத்தொன்பதாவது வயதில் போனான். மீதியைச் சொல்லாமல் விட்டது அம்மா. பெண் கொடுக்கிற இடத்தில் இதையெல்லாம் எதற்குச் சொல்ல வேண்டும், ரத்தத்தில் இருக்கிறது என்பார்கள் என்று அம்மாதான் சொன்னாள். சம்பந்தி வீட்டார் வருகிற நாட்களில் வைரண்ணன் போட்டோவைக் கழற்றி பீரோவில் வைத்துவிட்டு அந்த ஆணியில் ஒரு காலண்டரை மாட்டிவிடுவாள். அவர்கள் பஸ் ஏறியதும் மறுபடி போட்டோவை எடுத்து மாட்டி, கண்ணாடியை முந்தானையால் துடைப்பாள், துடைத்துக்கொண்டே இருப்பாள்.

அவன் இருந்தபோதும் இப்படித்தானே செய்தார்கள். மாரிக்கனி ஜூஸ் பாக்கெட்டைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள், ஒரு நர்ஸ் "நடங்கக்கா, நிக்காதீங்க" என்றாள், மறுபடி நடந்தாள். மூன்று வரன் வந்து மூன்றும் வாசலோடு போயின, தெருவில் விசாரித்தால் யாராவது ஒருவர் சொல்லத்தானே செய்வார்கள். நாலாவது வரன் அருப்புக்கோட்டையிலிருந்து வந்தபோது வைரண்ணனை அப்பாவோடு பிரஸ்ஸுக்கு அனுப்பிவிட்டார்கள். அவனுக்குப் பசை வாசனை பிடிக்கும், சாயங்காலம் வரை தாள் அடுக்கிக்கொண்டு இருப்பான் என்று கணக்கு. மதியத்துக்கே கிளம்பி வந்துவிட்டான். வீட்டில் செருப்புகள் கிடப்பதைப் பார்த்து விருந்தாளி என்று தெரிந்துகொண்டு, பின்பக்கமாகப் போய் முகம் கழுவி, சட்டையின் கழுத்துப் பட்டன் வரை போட்டு, தலையில் தண்ணீர் தொட்டு வகிடெடுத்து, தட்டில் தம்ளர் தம்ளராகத் தண்ணீர் வைத்து ஒரு சொட்டு சிந்தாமல் கொண்டுவந்து நீட்டினான். நாக்கு கொஞ்சம் வெளியே தெரிய, பெருமையாக, "நான் அண்ணே, மாயிக்கு" என்றான். மாப்பிள்ளையின் அம்மா தண்ணீரை வாங்கிக் கீழே வைத்தாள், குடிக்கவில்லை. அவர்கள் போனதும் மாரிக்கனி அடுப்படியில் வைத்து அவனைப் பிடித்துத் தள்ளினாள். "ஒன்ன யாரு வரச் சொன்னா? நீ எதுக்கு இங்க இருக்க?" என்று கேட்டாள். எதுக்கு வந்த என்று கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, எதுக்கு இருக்க என்று கேட்டாள். ஒரு சொல் வித்தியாசமா, ஒரு உயிர் வித்தியாசமா, அன்றைக்கு அவளுக்குத் தெரியவில்லை, அவனுக்கும் தெரியவில்லை. அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து அழுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு போய், வெயில்கூடச் சாயாத அந்த நேரத்தில், எல்லாக் காலண்டரிலும் அன்றைய தாளைக் கிழித்துக் கொண்டுவந்து அவள் மடியில் போட்டான். "முடிஞ்சுபோச்சு மாயி. இந்த நாளு முடிஞ்சுபோச்சு" என்றான். அடுத்த வருசம் அவன் போனான். அதற்கடுத்த தையில் சாத்தூர் வரன் ஒரே நடையில் கூடிவந்தது, சொந்தக்காரர்கள் எல்லாம் காலம் கூடிவந்தது என்றார்கள், அவளும் தலை நிறையப் பூவோடு உட்கார்ந்திருந்தாள். அவன் போனதால் நடந்த கல்யாணம். அந்தக் கல்யாணத்தில் வந்த பிள்ளை. அந்தப் பிள்ளை அவனைப் போல இருந்தால் வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள், பஸ்ஸில், ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, ஒரே சொல்லில்.

கதிரேசன் படியேறி வந்தான், காதில் போன். "அம்மா பேசுறாங்க" என்று நீட்டினான். மாமியார் குரல் எப்போதும் போல ஊருக்கே கேட்டது. "என்ன சொல்லுதாக? ஊசி போட்டாச்சா?" "இன்னும் இல்லத்தே. நடக்கச் சொல்லியிருக்காக." "அசைவு ஏதும் தெரியுதா? இருவது வாரமாச்சு, எனக்கெல்லாம் அஞ்சாம் மாசத்துல வயித்துக்குள்ள கபடி ஆடுவானுக." "தெரியலத்தே." "மனசைத் தேத்திக்கோ தாயி. நீயும் சின்னப் பிள்ள. இன்னொண்ணு வராமலா போயிரும்?" கெட்டவள் இல்லை, மாசமான நாளிலிருந்து மருமகளைக் குடம் தூக்க விட்டதில்லை. மாரிக்கனி போனைத் திருப்பிக் கொடுத்தாள். கதிரேசன் அவள் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டு, "கால் வலிக்குதா? உக்காரு கொஞ்சம்" என்றான். அவனுக்கும் ரெண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை, அவளுக்குத் தெரியும். பிள்ளை வந்தால் என்ன பெயர் வைப்பது என்று டைரியின் கடைசிப் பக்கத்தில் எழுதி எழுதி அடித்துக்கொண்டிருந்தவன், ரிசல்ட் வந்த அன்று அந்தப் பக்கத்தை மடித்துவிட்டான். அவனிடம் கோபித்துக்கொள்ள முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். ரத்தம் கெட்ட சேதி சொல்கிறது, ஸ்கேன் சின்னதாக இருக்கிறது என்கிறது, வயிறோ எதுவும் சொல்லாமல் கிடக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து அவன் மடியிலிருந்த ஃபைலை வாங்கி, ஏதாவது செய்ய வேண்டுமே என்று முதல் தாளிலிருந்து புரட்டினாள். மாரிக்கனி, க/பெ கதிரேசன். கடைசி மாதவிலக்கு 09/08. அதற்குக் கீழே வாரக் கணக்கு, எடை, பிரஷர். தாளைத் திருப்பினாள், சிவப்பு எழுத்து வந்தது, மூடிவிட்டாள்.

எதிர்ச் சுவரில் ஒரு தினசரி காலண்டர் தொங்கியது. அவள் கண் எங்கே போனாலும் முதலில் தமிழ்த் தேதிக்குத்தான் போகும், அது பழகிய கண். மார்கழி பதினொன்று. யாரோ ஒழுங்காகக் கிழிக்கிறவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள், மேலே ஒட்டுத்தாள் இல்லாமல் சுத்தமாக இருந்தது, வைரண்ணன் பார்த்தால் ஒப்புக்கொள்வான். அதற்கு மேலேதான் பெரிய எழுத்து, டிசம்பர் இருபத்தாறு. மார்கழி பதினொன்று டிசம்பர் இருபத்தாறு. அப்பாவுக்கு இந்த மாதம் முழுக்க ஓவர்டைம் இருக்கும், புது வருசத்துக்குள் காலண்டர் எல்லாம் கடைக்குப் போயாக வேண்டும். பதினொன்றுக்கு இருபத்தாறு. பதினைந்து, பதினாறு நாள் தள்ளித்தான் எப்போதும். ஏதோ ஒன்று இடறியது, என்னவென்று தெரியவில்லை, நாக்கில் முடி சிக்கினது போல எடுக்க வராமல் தவித்தது. கழிப்பறைக் கதவு திறந்து மூடியது. ரிசப்ஷனில் ஒரு பெயரைக் கூப்பிட்டார்கள், அவள் பெயர் இல்லை. சுதந்திர தினத்துக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுக்கிற ஆரஞ்சு மிட்டாயை அவள் வாயில் போடாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுப்பாள், வைரண்ணன் அதைச் சப்பிக்கொண்டே, "ஆடி இன்னும் போகல மாயி" என்பான். கொடியேற்றி ரெண்டு நாள் போனால்தான் ஆவணி பிறக்கும். அப்படியானால் ஆவணி ஒன்பது? அவள் ஃபைலை மறுபடி திறந்தாள். 09/08. விரலை வைத்து எண்ணினாள், மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். ஆவணி எட்டு வைரண்ணனின் நினைவு நாள், வருசா வருசம் அம்மா படையல் போடுவாள், அதற்கு இவள் சிவகாசி போயிருந்தாள், மறுநாள் விடியும்போது விலக்கு வந்து தூரமாகிவிட்டது, அதனால்தான் அந்தத் தேதி அவளுக்கு மறக்கவே மறக்காது. சாத்தூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டபோது சட்டென்று சொன்னாள். "ஆவணி ஒம்பது." நர்ஸ் சின்னப் பெண், பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தாள். "ஆவணின்னா ஆகஸ்ட்தானக்கா?" "ஆமாம்மா, ஆகஸ்ட்தான்." அவ்வளவுதான் பேச்சு. ஒருத்தி மாதத்தைச் சரியாகக் கேட்டாள், இன்னொருத்தி சரியாகத்தான் பதில் சொன்னாள், இரண்டு பேரும் சேர்ந்து பதினாறு நாளை முழுங்கிவிட்டார்கள். மாதம் தள்ளிப் போவது அவளுக்குப் பழக்கம் என்பதால் நாலாம் மாதத்தில்தான் அந்த ஆஸ்பத்திரிக்கே போனார்கள், அங்கே ஸ்கேன் மிஷின் ரிப்பேரில் கிடந்தது, ஐந்தாம் மாதம் பெரிய ஸ்கேனாக எடுத்துக்கொள்ளலாம், இப்போதைக்கு ரத்தம் மட்டும் கொடுங்கள் என்றார்கள். அந்த ஒரு தேதியை நம்பித்தான் ரத்தம் போனது, சிவப்பு எழுத்து வந்தது, சின்ன டாக்டர் சின்னதாக இருக்கிறது என்றாள், மாமியார் கபடி ஆடவில்லையா என்றாள். "ஏங்க" என்றாள் மாரிக்கனி. கதிரேசனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ஏங்க, தேதி தப்பு. அது ஆவணி ஒம்பது, ஆகஸ்ட் ஒம்பது இல்ல. ஆகஸ்ட் இருபத்தஞ்சு."

பெரிய டாக்டர் ஹெப்சிபா ஐம்பது தாண்டியவர், மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். அவர்கள் சொன்னதைக் கேட்டுவிட்டு அவளைப் படுக்க வைத்து, விளக்கை அணைத்து, தானே கருவியை எடுத்து வயிற்றில் வைத்தார். பிள்ளை திரும்பியிருந்தது. ரொம்ப நேரம் பார்த்தார். மாரிக்கனி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தாள், திரையைப் பார்க்கப் பயம். "இந்தா மூக்கெலும்பு, நல்லாத் தெரியுது. கழுத்துக்குப் பின்னாடி நீர் எதுவும் கூடுதலா இல்ல. நெஞ்சுல நாலு அறையும் சரியா இருக்கு. பதினேழரை வாரத்துப் பிள்ள, பதினேழரை வாரத்துக்கு எப்படி இருக்கணுமோ அப்படி இருக்கு. அசைவு தெரியலைன்னு பயந்தீங்களா? தலைப்பிள்ளைக்கு இன்னும் ரெண்டு மூணு வாரம் போகணும்மா." விளக்கைப் போட்டுவிட்டு வெளியே போய் லேபுக்குப் போன் பண்ணினார். திரும்பி வந்தபோது கையில் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. "அந்த ரத்தப் பரிசோதனை முழுக்க முழுக்க வாரக் கணக்கை வச்சுப் போடறது. பதினஞ்சரை வாரத்து ரத்தத்தைப் பதினெட்டு வாரத்து ரத்தம்னு வச்சுப் பாத்திருக்காங்க, அதான் அப்படிக் காட்டியிருக்கு. இப்ப சரியான தேதிக்குப் போட்டா ஆயிரத்து எழுநூத்துல ஒண்ணு. இன்னைக்கு ஊசி வேண்டாம். மூணு வாரம் கழிச்சு முழு ஸ்கேனுக்கு வாங்க." கதிரேசன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான், தோள் குலுங்கியது. பிறகு வெட்கப்பட்டுக்கொண்டு மூக்கை உறிஞ்சி, போனை எடுத்து, "எம்மா, ஒண்ணுமில்லம்மா, நம்ம பிள்ள நல்லாருக்கும்மா, தேதிதான் தப்பாம்" என்றான், அந்தப் பக்கம் மாமியார் சாமி பெயர்களை வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தது அறை முழுக்கக் கேட்டது. மாரிக்கனிக்கும் சந்தோஷம் வந்தது. காலிலிருந்து தலை வரை, கை கால் எல்லாம் லேசாகி, எழுந்து ஓடலாம் போல, அப்படி ஒரு சந்தோஷம் அவளுக்குப் பிறந்ததிலிருந்து வந்ததில்லை. அது வந்த வேகத்திலேயே, எதற்காக இவ்வளவு சந்தோஷம் என்பதும் தெரிந்தது. பிள்ளை வைரண்ணன் மாதிரி இல்லை என்று சந்தோஷம். அந்தக் குட்டை விரல்கள் இல்லை, குறுக்கே ஓடுகிற ஒற்றை ரேகை இல்லை, மாயி என்று கூப்பிடாது. இந்தச் சந்தோஷத்தை அவளால் விடவும் முடியவில்லை, வைத்துக்கொள்ளவும் கூசியது. அருப்புக்கோட்டைக்காரி தண்ணீரைக் குடிக்காமல் கீழே வைத்தபோது கண்டபடி திட்டினோமே, நாம் மட்டும் என்ன செய்தோம் என்று நினைத்தாள்.

டாக்டர் மேஜையில் உட்கார்ந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு பழைய தாளை இழுத்து, 09/08 என்பதை அடித்துவிட்டு மேலே 25/08 என்று எழுதினார். "ஒரு தேதி எவ்வளவு பாடு படுத்திருச்சு பாத்தீங்களா. வேற எதுவும் இதுல தப்பா இருந்தா இப்பவே சொல்லிருங்க, நான் வாசிக்கிறேன்" என்றார். "வயசு முப்பது. சர்க்கரை கிடையாது. தைராய்டுக்கு மாத்திரை சாப்பிடறீங்க. சொந்தத்துல கல்யாணம் இல்ல." ஒவ்வொன்றுக்கும் கதிரேசன் போனைக் காதிலிருந்து கொஞ்சம் நகர்த்தி, "கரெக்ட் டாக்டர், கரெக்ட் டாக்டர்" என்றான். மாரிக்கனி கீழே இறங்கிச் சேலையைச் சரிபண்ணிக்கொண்டிருந்தாள். சும்மா இருந்தால் போதும். இன்னும் ஒரு நிமிடத்தில் படியிறங்கிவிடலாம், மாட்டுத்தாவணி போய் பஸ் ஏறிவிடலாம், சாத்தூரில் மாமியார் ஆரத்தி கரைத்து வைத்திருப்பாள். வாயைத் திறந்தால் ஊசி மறுபடி வருமோ என்னவோ, வேறு என்னென்ன வருமோ, நாலு வருசமாக மறைத்தவளை இவன் எந்தக் கண்ணோடு பார்ப்பானோ. "குடும்பத்துல யாருக்கும் இந்தப் பிரச்சினை இருந்ததில்ல" என்று வாசித்துவிட்டு டாக்டர் நிமிர்ந்தார். "அப்படித்தான?" "அதெல்லாம் யாரும் இல்ல டாக்டர்" என்றான் கதிரேசன். "இருந்தான்" என்றாள் மாரிக்கனி.

கதிரேசன் திரும்பிப் பார்த்தான். போனில் மாமியார் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள், அவன் அதைக் காதிலிருந்து எடுத்துக் கீழே இறக்கினான். "யாரும்மா?" என்று கேட்டார் டாக்டர். "எங்க அண்ணன் டாக்டர். இருபத்தொம்பது வருசம் இருந்தான்." "இது முன்னாடியே சொல்லியிருக்கணும்மா. பெரும்பாலும் பயமில்ல, ஆனா எதுக்கும் உங்க ரத்தத்தை ஒரு தடவ பாத்துரணும். அதுல ஏதாச்சும் தெரிஞ்சா மறுபடி ஊசியைப் பத்தி யோசிக்கணும்." "பாருங்க டாக்டர்." கதிரேசன் பார்ப்பது அவள் கன்னத்தில் தெரிந்தது, அவள் திரும்பவில்லை. டாக்டர் 'இல்லை' என்று இருந்ததை அடித்துவிட்டு, தாயின் சகோதரர் என்று எழுதினார். எழுதி முடித்துப் பேனாவை மூடப் போனார். "வைரவன்" என்றாள் மாரிக்கனி. "பேரெல்லாம் வேண்டாம்மா, உறவு மட்டும் போதும்" என்றார் டாக்டர். "இல்ல டாக்டர்" என்றாள் மாரிக்கனி. "பேரையும் எழுதுங்க."